கதவு மட்டும் பிஸ்வாஸுடையது

1

எனக்கு வழியனுப்பு விழா நடந்தது. மேடை, மாலை, சால்வை, மட்டன் பிரியாணி, நடுத்தரமான கண்ணீர் என்று எதிலும் குறை இல்லை. படாக் மரத்தில் செதுக்கிய நினைவுப் பலகை ஒன்றும் கொடுத்தார்கள். அதில் என் பெயருக்குக் கீழே 'சென்று வருக' என்று எழுதியிருந்தது. நானும் சென்றேன். ஒன்றரை மாதத்தில் வந்தும் விட்டேன். பலகையில் இருந்ததை இவ்வளவு ஒழுங்காக நிறைவேற்றியவன் அந்தமானில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதிலுள்ள அவமானம் முழுதாகப் புரியாது. இங்கே, மெயின்லேண்டுக்கு மொத்தமாகக் கிளம்புகிற குடும்பம் எதையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. கட்டிலைக் கப்பலில் ஏற்றி இறக்கினால் அது விறகாகத்தான் ஊர் போய்ச் சேரும். அதனால் கடைசி வாரத்தில் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வருவார்கள். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உட்காருவார்கள். "இனிமே உங்களை எப்பப் பாப்போம்" என்பார்கள். கண்கள் மட்டும் ஃபிரிட்ஜின் மேல் இருக்கும். கிளம்புகிறவர் மனம் இளகி, "எடுத்துக்கோங்க" என்பார். இதுதான் முறை. இந்த முறைக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. போனவர் திரும்பி வரக் கூடாது.

நான் வந்தேன். விமான நிலையத்திலிருந்து சாத்தம் படகுத்துறைக்குப் போய், படகு ஏறி, எதிர்க்கரையில் பாம்பூ ஃபிளாட்டில் இறங்கி, நானும் மனைவி வசந்தாவும் எங்கள் மரவீட்டைத் திறந்தபோது உள்ளே உட்காருவதற்கு ஒரு முக்காலிகூட இல்லை. அடுத்த வீட்டுக்குப் போனேன். என் கட்டிலில், என் தலையணையில், பிஸ்வாஸ் சாய்ந்திருந்தான்.

"அரே, ராமன் பாபு! என்னத்த மறந்துட்டுப் போனே?"

"கட்டில்" என்றேன்.

"கட்டில் இங்கதான் இருக்கு. பத்திரமா இருக்கு" என்றான். எழுந்திருக்கவில்லை.

2

பிஸ்வாஸ் வங்காளி. அவன் குடும்பம் வடக்கு அந்தமானில் திக்லிபூரில் நெல் விளைவிக்கிறது. அவன் மட்டும் வயலுக்குப் பயந்து தெற்கே ஓடிவந்து, பாம்பூ ஃபிளாட்டில் அப்போதிருந்த பிளைவுட் ஆலையில் மரம் அறுக்கும் வேலையில் சேர்ந்தான். ஆலையில் தமிழர்கள் அதிகம். அவர்களிடமிருந்து தமிழ் கற்றான். வசவிலிருந்து தொடங்கியதால் நல்ல அஸ்திவாரம்.

நான் அதே ஆலையில் டைம் கீப்பர். பரமக்குடியிலிருந்து மூன்று நாள் கப்பலில் வாந்தியெடுத்தபடி வந்து இறங்கியவன். யார் எத்தனை மணிக்கு வாசலுக்குள் வந்தார்கள் என்று எழுதி வைப்பதுதான் உத்தியோகம். தாமதமாக வருகிறவர்களை உலகத்தில் எவரும் மதிப்பதில்லை. தாமதத்தை எழுதுகிறவனை அதைவிடவும் மதிப்பதில்லை. எனக்கு வாசிப்புப் பழக்கம் வந்தது அப்படித்தான். பேச ஆள் கிடையாது.

ஆலை ஓடிய காலத்தில் கரை முழுக்க மரவாசனை. காலையில் சங்கு ஊதினால் அக்கரையில் போர்ட் பிளேரில் இருப்பவர்கள்கூடக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள். கழித்துப் போட்ட பலகைகளைத் தொழிலாளர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது. அந்தக் கழிவில் எழுந்ததுதான் எங்கள் தெரு. கழிவு என்றால் இன்றைக்கு நீங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிற சிவப்புப் படாக். நாங்கள் அதில் கோழிக்கூடு கட்டினோம். என் வீட்டை நானும் பிஸ்வாஸும் சேர்ந்து கட்டினோம். அவன் அறுத்தான், அடித்தான், ஏறினான். நான் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு காட்டில் மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. ஆலை மூடியது. சங்கு நின்றது. பாதித் தெரு கப்பலேறியது. நான் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜெண்டிடம் எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். பிஸ்வாஸ் சுற்றுலாப் படகில் டீசல் ஊற்றினான். மரம் ஏற்றிய கரையில் இப்போது கண்ணாடி அடிப்பாகம் போட்ட படகில் பவளப்பாறை பார்க்கப் போகிறவர்கள் ஏறுகிறார்கள். போர்ட் பிளேர் ஸ்ரீவிஜயபுரம் ஆகிவிட்டது. பேருந்து நடத்துனர் மட்டும் இன்னும் "பிளேர், பிளேர்" என்றே கூவுகிறார். ஆலையின் பெரிய கொட்டகை கூரை இழந்து, இருபது வருடமாகத் தூணும் கொடியுமாக நின்றது.

இந்தக் காலம் முழுவதும் நானும் வசந்தாவும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். "வேலை முடிஞ்சதும் ஊருக்குப் போயிடுவோம்." தீவில் இருக்கிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் இதைச் சொல்லும். பெரும்பாலும் அது ஒரு மரியாதை வார்த்தைதான். யாரும் சூட்கேஸை எடுப்பதில்லை. நான் எடுத்தேன். வாசிப்புப் பழக்கத்தின் கோளாறு. சொல்லை அப்படியே நம்பிவிட்டேன்.

3

பரமக்குடி என்னை நன்றாகத்தான் வரவேற்றது. முடி வெட்டுகிறவர் துண்டைக் கழுத்தில் கட்டிவிட்டு, "அந்தமான்லயா இருந்தீங்க? எத்தனை வருசம் போட்டாங்க?" என்று கேட்டார்.

"நானாப் போனதுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார், ஆறுதலாக.

முதல் வாரத்திலேயே காய்கறிக்காரரிடம் வாய்தவறி, "என்னங்க விலை ஏறியிருக்கு, கப்பல் வரலையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தராசை நிறுத்தி, "எந்தக் கப்பல் சார்? வைகையில தண்ணியே வரல" என்றார். வசந்தா என்னைவிட மோசம். வங்கக்கடலில் காற்றழுத்தம் என்று தொலைக்காட்சியில் சொன்னதும் பத்துக் கிலோ வெங்காயம் வாங்கிப் பதுக்கிவிட்டாள். தெருமுனையில் நான்கு கடைகள் திறந்திருந்தன. வங்கியில் நின்றுகொண்டு, "இந்தப் பணம் மெயின்லேண்ட் கணக்குக்குப் போகணும்" என்றேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "இப்ப நீங்க எங்க சார் நிக்கிறீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. ஆதார் அட்டையில் முகவரி மாற்றப் போன இடத்தில், பழைய ஊர் போர்ட் பிளேரா, ஸ்ரீவிஜயபுரமா, இரண்டும் ஒன்றா என்பதற்கு நான் சான்று தர வேண்டியிருந்தது. தந்தேன். நம்பவில்லை.

எல்லாமே கிடைத்தது. அன்றைய செய்தித்தாள் அன்றைக்கே வந்தது. அதுதான் தொந்தரவு. தீவில் ஒரு பொருள் வந்து சேர்ந்தால் தெருவே பேசும். இங்கே எதுவும் வந்து சேர்வதில்லை, ஏற்கெனவே இருக்கிறது. எனக்குப் பேச ஒன்றுமில்லாமல் போனது. மறுபடி டைம் கீப்பர் ஆனேன். மின்விசிறியின் கீழே உட்கார்ந்து, நேரம் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

அப்போதுதான் மகள் பேசினாள்.

அவளுக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தது நான். தீவில் பிறக்கிற பிள்ளை தமிழை மறக்கக் கூடாது என்று முன்யோசனை. தேன்மொழி தூக்கத்தில் இந்தியில் பேசுகிறாள். கோபம் வந்தால் வங்காளம், பிஸ்வாஸ் வீட்டு உபயம். தமிழ், எங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக மட்டும். சென்னையில் கட்டடக்கலை படிக்க அனுப்பினோம். பிள்ளைகள் படித்தால் விலகிப் போவார்கள் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். உண்மைதான், விலகித்தான் போனாள். படிப்பு முடிந்த மறுவாரம் நேராக பாம்பூ ஃபிளாட்டுக்கே விலகிப் போனாள். "அங்க எல்லாரும் எங்கூர் எதுன்னு கேக்குறாங்கப்பா. இங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

அவளும் நான்கைந்து பேரும் அந்தப் பழைய ஆலைக் கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்துத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மரவேலைப் பட்டறை, ஒரு பக்கம் தின்பண்டக் கடை, நடுவில் துடைத்து வைத்த பழைய இயந்திரம். மெயின்லேண்ட் கல்லூரி மாணவர்கள் வந்து தங்கி வேலை கற்றுக்கொள்வது என்று திட்டம். தங்க இடம்? எங்கள் மரவீடு. அந்த வீடு அவள் கையில் இருந்தால் அவளுக்குத் தீவில் பிழைப்பு உண்டு. இல்லாவிட்டால் வேலை தேடிச் சென்னைக்கே திரும்ப வேண்டும். இதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்று, டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் தோழி வீட்டில் தங்கிக்கொள்வதாக மட்டும் சொன்னாள். நானும் கேட்கவில்லை.

கேட்காதவன் சும்மா இருந்திருக்கலாம். வழியனுப்பு மேடையில் ஒலிபெருக்கி கையில் கிடைத்ததும் எனக்கு உலகமே குடும்பமாகத் தெரிந்தது. முன்வரிசையில், வடக்கிலிருந்து வந்து ரிசார்ட் கட்டுகிற ஒருவர் பிரியாணியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். என் வீட்டுப் படாக் பலகைகளைப் பிரித்து எடுத்துத் தம் விடுதியின் மதுக்கூடத்துக்குப் பொருத்த வேண்டும் என்று அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். "என் வீடு இனி உங்களுடையது, பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஊரறிய அறிவித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது. தேன்மொழி தட்டவில்லை. ஒலிபெருக்கியின் பின்னால் நிற்கிறவனுக்கு இதெல்லாம் தெரியாது.

"ப்பா, வெள்ளிக்கிழமை பிரிக்க வர்றாங்களாம்" என்றாள் தொலைபேசியில்.

"நான் வாக்குக் குடுத்துட்டேனேம்மா."

"குடுத்தீங்க. நான் தடுக்கல. மத்லப், அதாவது கட்டுன ஆள் நின்னு பாக்கணும்ல? நீங்க வந்து நில்லுங்க. அவ்ளோதான்."

குரல் சமமாக இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வசந்தா வெங்காயத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் புடவை மடிக்க ஆரம்பித்தாள். மூன்று நாளில் கடந்த கடலை இரண்டு மணி நேரத்தில் கடந்தோம்.

5

வீட்டில் ஒன்றைக் கவனித்தேன். சாமான் எல்லாம் போயிருந்தது. ஆனால் வீடு முழுசாக இருந்தது. இதில் ஆச்சரியம் உண்டு. ஏனென்றால் அந்தக் கடைசி வாரத்தில் நான் சாமானோடு நிற்கவில்லை. பிஸ்வாஸ் முன்கதவைத் தடவிப் பார்த்தபோது, "உனக்குத்தான்" என்றிருந்தேன். பின்வீட்டுத் தெலுங்குக்காரி அப்பலம்மாவுக்குச் சமையலறைச் சுவரும் அலமாரியும். துறையில் டீக்கடை வைத்திருக்கிற முத்துக்கருப்பனுக்கு நான்கு ஜன்னல்களும் வாசற்படியும். அவன் எங்கள் ராமநாதபுரம் பக்கத்து ஆள், என் புத்தகங்களையும் வாங்கிக்கொண்டவன். எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, மேடையில் ஏறி மொத்தத்தையும் ரிசார்ட்காரருக்கும் கொடுத்திருந்தேன்.

ஆனால் கதவு கதவாகவே இருந்தது. ஜன்னல்கள் காற்றில் ஆடின. கீல் அருகே புதிதாகச் சில கீறல்கள் தெரிந்தன, எலி என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் தடவிக்கொடுத்தேன். எங்களை எதிர்பார்த்துத் தொடாமல் வைத்திருக்கிறார்கள்!

வெள்ளிக்கிழமை காலை வாகனப் படகில் டெம்போ வந்தது. கடப்பாரையோடு ஆறு பேர், பின்னால் ரிசார்ட்காரர். நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு, வாக்குத் தவறாதவனுடைய முகத்தோடு வாசலில் நின்றேன். தேன்மொழி எல்லாருக்கும் டீ கொடுத்தாள், கடப்பாரைக்காரர்களுக்கும். பிறகு இந்தியில், மிக மரியாதையாக, "அங்கிள், அப்பா சொன்ன சொல் சொல்தான். ஆனா உங்களுக்குச் சொன்னது ராத்திரி. அதுக்கு முன்னாடியே சிலருக்குச் சொல்லியிருக்கார். அவங்க பங்கை எடுத்துக்கட்டும், மிச்சம் முழுக்க உங்களுக்கு" என்றாள். தெருப்பக்கம் திரும்பி, "காகா!" என்று வங்காளத்தில் சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

பிஸ்வாஸ் வந்தான். கதவின் மேல் கை வைத்தான். "தர்வாஜா மேரா, கதவு என்னுது" என்றான்.

அப்பலம்மா இடுப்பில் கையோடு வந்தாள். "கிச்சன் எனக்கு. பாபு காரு சாமி படத்து முன்னால சொன்னாரு. இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

"அண்ணே, ஜன்னலும் படியும் நம்மளுது" என்றான் முத்துக்கருப்பன். படியில் உட்கார்ந்தும் கொண்டான். "நான் உக்காந்திருக்கயில யாரும் பேத்தெடுக்க முடியாது பாத்துக்க."

தெரு கூடிவிட்டது. கூரைத் தகரம் தனக்கு என்று ஒருவர். தரைப்பலகை என்று இன்னொருவர். அவருக்கு நான் சொன்ன ஞாபகமே இல்லை, ஆனால் மறுக்கிற தகுதியும் எனக்கு இல்லை. ரிசார்ட்காரர் என்னைப் பார்த்தார். "இதெல்லாம் உண்மையா?" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் யோசித்தேன். இத்தனை நாளும் வாக்கு வாக்கு என்று நான் பெருமையாகச் சொன்னது, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லாததைத்தான். எல்லாருக்கும் தலையாட்டியவன், பெற்ற பெண்ணிடம் மட்டும் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. அவள் டீத் தட்டைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் நின்றாள்.

"உண்மை. இவங்களுக்குத்தான் முதல்ல சொன்னேன். உங்களுக்குச் சொன்னது தப்பு. வீட்டைப் பிரிக்க மாட்டேன். என் பெண்ணுக்கு வேணும்" என்றேன். முப்பது வருடத்தில் நான் பேசிய மிகச் சிறிய இந்திப் பேச்சு. இலக்கணப் பிழை ஏராளம். எல்லாருக்கும் புரிந்தது.

"அப்போ பாக்கி என்னதான் இருக்கு?" என்றார் ரிசார்ட்காரர்.

"பாக்கி அப்பாதான் இருக்கார். சாஹியே க்யா, வேணுமா?" என்றாள் தேன்மொழி.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மதுக்கூடத்தில் எங்கே பொருத்தலாம் என்று உண்மையாகவே ஒரு கணம் யோசித்தார் என்று நினைக்கிறேன். பிறகு சிரித்துவிட்டார். அப்பலம்மா கட்டிக்கொடுத்த மீன்வறுவலோடு டெம்போ அடுத்த படகுக்குத் திரும்பிப் போனது.

6

இப்போது எங்கள் தினசரி இப்படி. மேலறை இரண்டிலும் மாணவர்கள். கீழறையில் நாங்கள், ஆளுக்கொரு பாயில், மகளிடம் வாடகைக்கு இருப்பவர்களைப் போல அடக்கமாக. காலையில் எட்டு மணிக்குக் கொட்டகையில் சங்கு ஊதுகிறது. பழைய சங்கையே தேடிப் பிடித்துத் துடைத்து மாட்டியிருக்கிறார்கள். முதல் நாள் அது ஊதியதும் நான் பாயிலிருந்து எழுந்து சட்டையைத் தேடினேன். வசந்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மாணவர்களுக்கு நான் ஆலைக் கதை சொல்கிறேன். அவர்கள் தமிழ், மலையாளம், இந்தி என்று கலந்து கேட்கிறார்கள், நானும் கலந்து சொல்கிறேன். பிஸ்வாஸ் பட்டறையில் ரம்பம் பிடிக்கக் கற்றுத்தருகிறான், வசவோடு. பவளம் பார்க்க வருகிறவர்கள் வழியில் இறங்கி வடை தின்கிறார்கள். முத்துக்கருப்பன் டீக்கடையில் என் புத்தகங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கிறான், பன்னுக்கு மேல் தட்டில். கேட்டால் வாசிக்கத் தருவான், எனக்குத் தவிர. "அண்ணே, நீங்க திருப்பித் தர மாட்டீங்க" என்கிறான்.

ஊரில் இருப்பவர்கள் கேட்கிறீர்கள், எப்போது வருகிறீர்கள் என்று. பரமக்குடி வீட்டுச் சாவி பத்திரமாக இருக்கிறது. விருந்தாளியாக வருகிறோம். வரும்போது தகவல் சொல்கிறேன், நாலு கிலோ வெங்காயம் வாங்கி வைத்தால் போதும். இங்கே வெட்டுப்பட்டு ஒதுங்கிய பலகையில் ஒரு தெரு எழுந்தது, அது சரிந்தது, இப்போது என் மகள் வயதுக்காரர்கள் அதே பலகையில் மறுபடி ஆணி அடிக்கிறார்கள். ஆணி இறங்குகிற சத்தம் நன்றாக இருக்கிறது. விட்டுவிட்டு வர மனமில்லை.

கொட்டகை திறந்த நாளில் என்னைப் பேசச் சொன்னார்கள். ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தவர்களைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். நன்றி சொன்னேன். நாங்கள் திரும்புவோம் என்று நம்பி, கொடுத்ததை எடுக்காமல் ஒன்றரை மாதம் காத்திருந்த தெருவைப் பற்றிச் சொன்னேன். குறிப்பாக, தன் கதவைத் தொடாமல் விட்டுவைத்த நண்பனைச் சொன்னபோது குரல் உடைந்தது. கைதட்டினார்கள். தேன்மொழியும் தட்டினாள், பார்த்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு பிஸ்வாஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ராமன் பாபு, ஒண்ணு சொல்றேன், புரா மத் மானோ, தப்பா எடுத்துக்காத. நீ போன மறுநாளே நான் வந்தேன். உப்புக்காத்துல கதவுக் கீல் ஸ்க்ரூ பூரா துரு. ரெண்டு ஸ்க்ரூட்ரைவர் உடைஞ்சுது. கடைக்காரன் பெருசு ஒண்ணு கப்பல்ல வருதுன்னான்."

"அப்புறம்?"

"கப்பல் வரல. நீ வந்துட்ட."